ஒரு சொட்டும் மண்ணில் இறங்காமல் வாசல் போடுவது எப்படி?

சென்னையிலோ அதன் புறநகரிலோ ஒரு கிரவுண்டு மனை வாங்கி, வீட்டையும் கட்டி, கிரகப்பிரவேசத்துச் சமையல்காரர் பாக்கியையும் தீர்த்துவிட்டீர்கள். இன்னும் ஒரு வேலை மிச்சம். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் தெரிகிறதே, அதை என்ன செய்யப் போகிறீர்கள்? அப்படியே விட்டுவைத்தால் என்ன விபரீதம் நடக்கும் என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. பெருக்கினால் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டர் வருகிறது. 12,000 லிட்டர் பிடிக்கும் தனியார் தண்ணீர் லாரி 26 தடவை உங்கள் வீட்டுக்கு வந்து, காசு கேட்காமல், டிரைவர் பேட்டாகூடக் கேட்காமல், கொட்டிவிட்டுப் போவதற்குச் சமம். வெயிலில் ஆவியாவது போக மிச்சமெல்லாம் மண்ணுக்குள் இறங்கித் தொலைத்தால் என்ன ஆகும்? கிணறு ஊறும். போர் மோட்டார் காற்றை இழுத்து நிற்காது. மே மாதத்தில் லாரிக்காரருக்குப் போன் போட்டு, "அண்ணே, ரெண்டு நாளா சொல்றேன், இன்னிக்காவது ஒரு லோடு அனுப்புங்க" என்று கெஞ்சிக் கெஞ்சி வளர்த்த உறவு ஒரே மழையில் அறுந்துபோகும்.

இதைத் தடுப்பதற்கான செய்முறையே இது. கொஞ்சம் செலவாகும். ஆனால் வீடு கட்டியவருக்கு இது ஒரு செலவா?

வீட்டுக்குள் முதலில் கருத்தொற்றுமை வேண்டும். இது கஷ்டமே இல்லை. மண் இருந்தால் பாம்பு வரும் என்று மாமியார் சொல்வார். செருப்போடு சேறும் உள்ளே வரும் என்று மனைவி சொல்வார். கார் டயர் அழுக்காகும் என்று மகன் சொல்வான். புல் முளைக்கும், அதைப் பிடுங்க ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் அரை நாள் வேலைக்கு முழு நாள் கூலி கேட்பார் என்று நீங்களே சொல்வீர்கள். யாராவது ஒருவர், பெரும்பாலும் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா, "கொஞ்சம் மண்ணு இருக்கட்டும்டா, வாழைக்கன்னு ஒண்ணு வெக்கலாம்" என்பார். அவருக்குக் காபி கொடுத்து உட்கார வைத்துவிடுங்கள்.

அடுத்தது மேஸ்திரி. அவரிடம் சொல்ல வேண்டியதை ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அனுபவசாலி மேஸ்திரிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வேலை பிடித்த பிறகு யோசிப்பார்கள்.

"சுத்தி ஒரு இடம் விடாம அடைச்சிடுங்க மேஸ்திரி."

"பின்னாடி கிணத்தடி பக்கம் மட்டும் ஒரு மூணடி விட்டுடலாமா சார்? தண்ணி இறங்க வழி வேணும்ல?"

"அதெல்லாம் வேணாம். அதையும் சேர்த்துப் போடுங்க. மண்ணுன்னு ஒண்ணு கண்ணுல படக்கூடாது."

"சரி சார். உங்க இடம், உங்க இஷ்டம்."

இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள்.

மண் பரிசோதனை என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுங்கள். அது பெரிய சமாச்சாரமும் இல்லை. ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தால் போதும். அங்கேதான் ஆபத்து. திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடலை ஒட்டிய மணற்பாங்கான இடமாக இருந்தால், ஊற்றிய தண்ணீர் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய்விடும். பிறகு மனசாட்சி உறுத்தும். இந்த மண் இவ்வளவு வேலை செய்கிறதே, இதன் மேல் போயா கான்கிரீட் போடுவது என்று தோன்றிவிடும். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர்க்காரர்கள் பாக்கியசாலிகள். அங்கெல்லாம் பெரும்பாலும் களிமண். "எங்க ஏரியால தண்ணியே இறங்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். களிமண் அடுக்கைத் தாண்டிக் கீழே இருக்கும் மணல் வரைக்கும் ஓர் உறைகிணறு இறக்கினால் அங்கேயும் தண்ணீர் போகும் என்பது உண்மைதான். கேட்டால் சொல்லுங்கள், நீங்களாகச் சொல்லாதீர்கள். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் அடியில் பாறை என்பதால் அவர்களுக்குத் தனிச் சாக்கு தயாராகவே இருக்கிறது.

இப்போது தரை. இதில் இரண்டு கட்சிகள் உண்டு. பழைய கட்சி, ஜல்லி கலந்து நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டு மேலே பூசிவிடுவது. புதிய கட்சி, பேவர் பிளாக். இரண்டில் நான் பேவர் பிளாக்கைத்தான் சிபாரிசு செய்வேன். காரணம், அதில் புண்ணியமும் கிடைக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கோடு தெரிவதால், பார்க்கிறவர்கள் அதன் வழியே தண்ணீர் இறங்கும் என்று நம்புவார்கள். நீங்களும் நம்பலாம். ஆனால் அந்த நம்பிக்கை பலித்துவிடக் கூடாது. அதற்கு வழி சுலபம். அடியில் முதலில் பி.சி.சி. என்னும் சாதாரணக் கான்கிரீட்டை ஒரு படுகையாகப் போடச் சொல்லுங்கள். அதற்கு மேல் குவாரி டஸ்ட்டைக் கொட்டித் தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கச் சொல்லுங்கள். மேலே கல்லை இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடுக்கி, சந்துகளில் நைஸ் மணலைப் பெருக்கித் தள்ளி, கடைசியில் மேஸ்திரிக்கு உற்சாகம் மிச்சமிருந்தால் சிமெண்ட் பாலும் ஊற்றச் சொல்லுங்கள். மழை பெய்தால் தண்ணீர் அந்தக் கோடுகளை எட்டிப் பார்த்துவிட்டு நேராகத் தெருவுக்குப் போய்விடும். ஊரில் உள்ள பேவர் பிளாக் நடைபாதைகளில் கணிசமானவை இப்படித்தான் இருக்கின்றன. அவற்றைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்று சொல்வதில் யாருக்கும் கூச்சம் இல்லை. உங்களுக்கு மட்டும் என்ன?

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சிவில் இன்ஜினியரிங் படித்த பெண் ஒருவர் தெருவில் இருப்பார். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அங்கிள், அதுக்குத் தண்ணி இறங்குற மாதிரியே போடலாமே" என்று ஆரம்பிப்பார். அவர் சொல்லப்போவது என்ன என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால்தான் தற்காத்துக்கொள்ள முடியும். எனவே அந்த முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தப்பித் தவறியும் யாரும் செய்து பார்த்துவிட வேண்டாம்.

அந்த முறைக்காரர்கள் முதலில் ஏறக்குறைய ஒன்றரை அடி தோண்டுவார்கள். நாம் என்றால் தோண்டியவுடன் ரோலர் விட்டு அடியை இறுக்குவோம். அவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். அடிமண் மூச்சு விட வேண்டுமாம். அதன் மேல் ஜியோ துணி என்று ஒன்றை விரிப்பார்கள். தண்ணீரை விடும், மண்ணை மேலே ஏற விடாது. பிறகு ஒன்றரை இஞ்ச் ஜல்லி, அதற்கு மேல் முக்கால் ஜல்லி, இரண்டும் சேர்ந்து ஓரடிக்கு. அதற்கு மேல் இரண்டு அங்குலத்துக்கு 6 மில்லிமீட்டர் சிப்ஸ். எல்லாம் கழுவிய ஜல்லி. லாரியில் தூசியோடு வந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எம்-சாண்ட் கிடையாது, குவாரி டஸ்ட் கிடையாது, சிமெண்ட் கிடையாது. கல் மட்டும் நம் கல் போலவே இருக்கும். ஆனால் பக்கவாட்டில் சின்னச் சின்ன மூக்குகள் வைத்திருப்பதால் அடுக்கும்போது தானாகவே சந்து விழும். அந்தச் சந்தில் மணலுக்குப் பதில் அதே சிப்ஸ். கார் நிற்கிற இடத்துக்கு 80 மில்லிமீட்டர் கனம், நடக்கிற இடத்துக்கு 60. ஓரங்களில் கல் நகராமல் இருக்க மட்டும் ஒரு கான்கிரீட் கட்டு. சிமெண்டுக்கு அங்கே கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

இதில் சூழ்ச்சி எங்கே இருக்கிறது என்றால், கல்லில் இல்லை, அடியில் இருக்கிறது. தூசி கலக்காத ஜல்லியைக் கொட்டினால் அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடம்தான். 1,200 சதுர அடிக்கு ஓரடி ஆழத்தில் ஜல்லி நிரப்பினால், அந்த இடுக்குகளுக்குள்ளேயே 12,000 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அதாவது முழுசாக ஒரு லாரி, உங்கள் கார் நிற்கும் இடத்துக்கு அடியில், வெளியே ஒருவருக்கும் தெரியாமல். பத்து சென்டிமீட்டர் மழை கொட்டினாலும் வாசலில் விழுந்ததை அப்படியே உள்வாங்கி வைத்துக்கொண்டு, மழை விட்ட பிறகு சாவகாசமாக மண்ணுக்குக் கொடுக்கும். களிமண் என்றால் இறங்க நாளாகும் என்று, அடியில் ஓட்டை போட்ட பி.வி.சி. குழாயைப் பதித்து, மிஞ்சுவதை உறைகிணற்றுக்குத் திருப்பிவிடுவார்கள். அஸ்திவாரம் ஊறிவிடுமே என்று நீங்கள் மடக்கினால், அதற்கும் பதில் வைத்திருப்பார்கள். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளித்தான் தண்ணீரை இறக்க வேண்டும், அவ்வளவு இடம் இல்லையென்றால் சுவர் ஓரமாகத் தண்ணீர் புகாத ஷீட்டை இறக்கிவிட வேண்டும் என்பார்கள்.

இங்கிலாந்தில் இதைவிட மோசம். அங்கே 2008 முதல், வீட்டின் முன்பக்கத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தரை போட வேண்டுமென்றால் திட்ட அனுமதி வாங்க வேண்டும். இறங்குகிற தரையென்றால் அனுமதி வேண்டாம். நல்லவேளை, அந்தச் சனியன் இங்கே வரவில்லை.

அந்தப் பெண் எவ்வளவு சொன்னாலும் நீங்கள் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: "இதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படாதும்மா." இந்த வாக்கியத்துக்கு ஆதாரம் எதுவும் தேவைப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

தரை முடிந்தது. இனி வாட்டம். வீட்டு வேலையில் மேஸ்திரியின் கைத்திறன் முழுசாகத் தெரிவது இதில்தான். டியூப் லெவல் பிடித்து, நூல் கட்டி, பத்தடிக்கு இரண்டு அங்குலம் வீதம் எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டை நோக்கிச் சரிவு கொடுக்கச் சொல்லுங்கள். வாஸ்து பார்க்கிறவர் குறுக்கே வந்து, தண்ணீர் ஈசானிய மூலைக்குத்தான் போக வேண்டும் என்பார். உங்கள் கேட் தென்மேற்கில் இருக்கும். பரவாயில்லை, ஈசானிய மூலையில் ஒரு சின்னப் பள்ளம் வைத்து ஒரு குடம் தண்ணீர் தேங்குகிற மாதிரி செய்துவிட்டால் அவரும் சந்தோஷப்படுவார், கொசுவும் சந்தோஷப்படும். மிச்சத் தண்ணீர் தெருவுக்கு.

மண் தரையாக இருந்தால் மழையின் முதல் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு, ஊறி, வழிந்து, மெதுவாகத்தான் தெருவுக்கு அனுப்பும். கான்கிரீட் தரை விழுந்ததில் பத்தில் ஒன்பது பங்கை உடனே அனுப்பிவிடும். நீங்கள் மட்டும் அனுப்பினால் ஒன்றுமில்லை. தெருவில் நாற்பது வீடும் ஒரே நேரத்தில், அதே பத்து நிமிடத்தில் அனுப்பும்போதுதான் தெருமுனை வடிகாலின் முழுத் திறமையும் வெளிப்படும். வடிகால் பெரிதாக இல்லையே என்று மாநகராட்சியைத் திட்டுவதற்கான உரிமை அந்தக் கணத்தில் உங்களுக்கு முழுமையாகக் கிடைத்துவிடுகிறது.

வாசலில் ராம்ப் போடுவதை மறக்க வேண்டாம். கார் ஏறி இறங்க, தெருவுக்குள் ஒரு மூன்றடி நீட்டிப் போடுங்கள். அதன் அடியில் வடிகாலுக்குள் தண்ணீர் போகும் வாய் இருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடுவது நல்லது. திறந்த வாய் பார்க்க அழகாக இருக்காது.

தெரு உங்களைவிட உயர்ந்துவிட்டால்? உயரும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று உத்தரவுகள் இருக்கின்றன. இருந்தாலும் பல தெருக்களில் பழையதன் மேலேயே புதியது ஏறி உட்கார்ந்துவிடுகிறது. நீங்கள் தெருவுக்கு அனுப்பிய தண்ணீர் மரியாதை தெரிந்தது. வந்த வழியே திரும்பி வந்து விசாரிக்கும். அப்போது வாசலை ஓரடி உயர்த்துங்கள். தெரு மறுபடி ஏறினால் நீங்களும் மறுபடி ஏறுங்கள். ஒரு கட்டத்தில் வாசல் உயர்ந்து, கூடம் பள்ளமாகி, வீட்டுக்குள் இறங்கிப்போகப் படி வைக்க வேண்டி வரும். அதற்கும் தீர்வு உண்டு. நூற்றுக்கணக்கில் ஜாக்கி வைத்து வீட்டையே அப்படியே தூக்கி நிறுத்தும் வேலைக்கு ஹரியானாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தூக்கி வைத்தபின் சுற்றியுள்ள தரையையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அதற்கு இந்தக் கட்டுரையை மேலிருந்து மறுபடி படித்துக்கொள்ளவும்.

மரம் இருந்தால் அதன் அடிமரம் வரைக்கும் கொண்டுபோய் சிமெண்டைச் சேர்த்துவிடுங்கள். சுற்றி வட்டமாக மண் விடுவது பழைய நாகரிகம். வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாமல் மரம் இளைத்து, 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்த மாதிரி ஒரு காற்று வரும் நாளில் உங்கள் கார் மேல் படுத்துக்கொண்டால், இனி இலை பெருக்கும் வேலை இல்லை.

மொட்டைமாடித் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும், அது சட்டச் சிக்கல் உள்ள இடம். 2003ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் மற்ற மாநிலங்களெல்லாம் திரும்பிப் பார்த்த திட்டம் அது. அடுத்தடுத்த மழைகளில் பல கிணறுகளில் தண்ணீர் மட்டம் ஏறியது என்பதையும் மறுக்க முடியாது. மக்கள் அவசர அவசரமாகக் குழி வெட்டி, ஜல்லி கொட்டி, குழாயை இறக்கினார்கள். அப்புறம் நாம் நம் சாமர்த்தியத்தைக் காட்டினோம். சட்டம் குழாயைக் கேட்கிறது, குழாய் இருக்கிறது. அது மாடியிலிருந்து கம்பீரமாக இறங்கி, தரையைத் தொட்டு, தரைக்குள் போவது போலத் தெரிந்து, பேவர் பிளாக்கோடு முடிந்துவிடுகிறது. கீழே குழி இருக்கிறதா என்று எவரும் தோண்டிப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே குழி இருந்து தொலைத்தால் கவலைப்பட வேண்டாம், சுத்தம் செய்யாமல் விட்டாலே போதும். மாடித் தூசியும் வேப்பஞ்சருகும் நாலைந்து மழைக்காலத்தில் அதை அடைத்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி பிறப்பதற்கு முன்னால், மேலே உள்ள மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போடுகிற வழக்கம் உள்ள வீடுகளைப் பார்த்தால் விலகி நடங்கள்.

இவ்வளவும் செய்தாயிற்று. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில்தான், அதுவும் சில நாட்களில் மொத்தமாக. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. இப்போது செய்ய வேண்டியது: வீட்டு வாசலில் உள்ள கழிவுநீர்ச் சேம்பரின் மூடியை ஒரு கடப்பாரையால் நெம்பித் திறந்துவிடுங்கள். மழைத்தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்க்க மனசுக்கு இதமாக இருக்கும். கழிவுநீர்க் குழாய் மழைக்காகப் போட்டது கிடையாது என்பதால், கொஞ்ச நேரத்தில் அது நிறைந்து, பள்ளத்தில் இருக்கிற வேறு யாரோ ஒருவர் வீட்டுக் கழிப்பறை வழியாக மேலே வரும். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் யார் என்று அவருக்கும் தெரியாது. திறந்த மூடிக்குப் பக்கத்தில் ஒரு மரக்கிளையாவது நட்டுவையுங்கள் என்று சொல்லலாம் என்று பார்த்தேன். உண்மையில் அந்த மூடியை நீங்கள் திறக்கவே கூடாது. முழங்கால் தண்ணீருக்குள் திறந்த குழி தெரியாது, அதில் விழுந்தால் ஆள் மிஞ்ச மாட்டார். இந்த ஒரு வரியை மட்டும் செய்முறையிலிருந்து அடித்துவிட்டுப் படியுங்கள்.

பேட்டி கேட்டு யாராவது மைக் நீட்டினால் சொல்ல வேண்டிய காரணங்களையும் தயாராக வைத்திருங்கள். முதல் காரணம், 2015 வெள்ளம். அந்த டிசம்பர் முதல் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அந்த மழைக்கு எந்த வாசலும் ஈடுகொடுத்திருக்காது, எத்தனை அடி ஜல்லி போட்டிருந்தாலும். அதனால் அந்த 49 சென்டிமீட்டரைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, பிற்பாடு 4 சென்டிமீட்டர் மழைக்குத் தெரு முழுகும்போதெல்லாம் அதையே காட்டலாம். "இயற்கைச் சீற்றம் சார், நாம என்ன பண்ண முடியும்?" இரண்டாவது காரணம், ஏரிகள். தி.நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கியதுதான். மேற்கு மாம்பலத்தில் இன்னும் லேக் வியூ ரோடு என்று பெயர் இருக்கிறது, வியூதான் போய்விட்டது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஊரெல்லாம் கொட்டியதையும் கட்டியதையும் தாங்கி, சுருங்கி, மிஞ்சியதற்கு 2022ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் வந்தது. அடுத்த ஆண்டே மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றன. இதையெல்லாம் சொல்லும்போது குரலில் நியாயமான கோபம் இருக்க வேண்டும். இருப்பதும் நியாயமே, ஏரியைத் தூர்த்தது நீங்கள் இல்லை. உங்கள் அரை கிரவுண்டை மட்டும்தான் நீங்கள் தூர்த்தீர்கள்.

மாநகராட்சி இப்போது ஸ்பாஞ்சு பூங்கா என்று ஆங்காங்கே குளம் வெட்டுகிறது. கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்திலும் குளங்கள் தோண்டியாயிற்று. நல்ல காரியம். உங்கள் வாசலில் விழுகிற மழை அங்கே வரைக்கும் நடந்து போய்ச் சேர்ந்துகொள்ளட்டும்.

ஒருவேளை வீட்டில் நீங்கள் தோற்றுப்போய், அந்தச் சிவில் பெண்ணின் பேச்சைக் கேட்டு மகள் ஏற்கெனவே தண்ணீர் இறங்கும் தரையைப் போட்டுவிட்டாள் என்றால்? மனம் தளர வேண்டாம். அந்தத் தரைக்கு ஒரே ஒரு எமன்தான், நைஸ் தூசி. அதை மட்டும் தாராளமாகக் கொடுங்கள். அடுத்த முறை சின்னதாக ஒரு பூச்சு வேலை வரும்போது எம்-சாண்ட் லோடை நேராக அதன் மேலேயே இறக்கச் சொல்லுங்கள். கலவையையும் அங்கேயே போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். தோட்டத்து மண்ணைத் தரையைவிட உயரமாக வைத்தால் ஒவ்வொரு மழைக்கும் சேறு தானே ஓடிவந்து சந்துகளை அடைக்கும். சருகைக் கூட்டாதீர்கள், மக்கட்டும். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சந்துகளில் உள்ள சிப்ஸை மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருப்பாள். அது மொத்தமாகவே ஒரு காலை வேலைதான் என்பதால், கண்டிப்பாகத் தள்ளிப்போட்டுவிட முடியும். அப்புறம் தண்ணீர் தேங்க ஆரம்பித்ததும் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். "நான் அன்னிக்கே சொன்னேன்."

பிறகு கோடை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் கையை விரித்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ஒரு கிரவுண்டு மனைக்கு ஒரு வருஷத்தில் மேலிருந்து விழுவது 3 லட்சம் என்று ஆரம்பத்தில் பார்த்தோம் இல்லையா? ஒரே தெருவில் எட்டு மனையைச் சேர்த்தால் ஒரு ரயில். இந்தக் கணக்கை வீட்டுப் பிள்ளைகள் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். லாரிக்கு வரிசையில் நிற்கிற குடத்தை நகர்த்திக்கொண்டே பேச இது ஏற்ற விஷயம் கிடையாது.

கடைசியாக, அடுத்த வீட்டுக்காரர். அவர் ஒருவேளை வாசலில் கொஞ்சத்தை மண்ணாகவே விட்டு, மாடித் தண்ணீரைக் கிணற்றுக்கு இறக்கி, மிச்ச இடத்துக்கு அந்த ஜல்லித் தரையையும் போட்டு, வருஷா வருஷம் கழுவியும் வைக்கிற ஆளாக இருக்கலாம். அவரோடு சண்டை வேண்டாம். பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், "சூப்பரா பண்ணியிருக்கீங்க சார்" என்று பாராட்டுங்கள். நிலத்தடி நீருக்குக் காம்பவுண்டு சுவர் கிடையாது. அவர் இறக்கிய தண்ணீர் அவர் மனைக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கப் போவதில்லை. சென்னைப் பெருநகரப் பகுதியில் கிணறு தோண்ட 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும் என்பதால், போர் வண்டியை ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். பாயிண்ட் எங்கே என்று வண்டிக்காரர் கேட்டால், தேங்காயை உருட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த அடுத்த வீட்டுக்காரரின் சுவரை ஒட்டினாற்போல் ஓரடி தள்ளி நிறுத்தி, அவருடைய கிணறு எவ்வளவு ஆழம் என்று விசாரித்துக்கொண்டு, அதைவிட நூறடி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். போர் போடும்போது பெயர்த்த பேவர் பிளாக்குகளை மறுநாள் காலையிலேயே சிமெண்ட் வைத்து அடைத்துவிட வேண்டும்.